கொட்டாங்குச்சியில் மிச்சமிருந்த லப்பம்

என் கை முந்தும், புத்தி பிந்தும். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. உறையூரில் எங்கள் பட்டறை இருக்கும் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ரம்பச் சத்தம் நின்று, ஏதாவது ஒன்று சுவரில் போய் மோதும் சத்தம் கேட்டால், எதிர்வீட்டு அம்மாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "ஆசாரிக்குக் கோவம் ஏறிடுச்சு" என்பார்.

பட்டறையில் இரண்டே பேர். நானும் என் மச்சினனும், அதாவது என் மனைவியின் தம்பி. என்னைவிட இரண்டு வயதுதான் இளையவன். நாற்பதைத் தாண்டியவன், பத்தாவது படிக்கும் பெண் இருக்கிறாள் அவனுக்கு. அப்படிப்பட்டவனைத்தான் நான் அடிப்பேன். ஒரு தடவை கட்டில் காலை ஒரு விரல் குட்டையாக அறுத்துவிட்டு, "மாமா, அளவு தப்பிடுச்சு" என்று வந்து நின்றான். உளியைத் தட்டும் கொட்டாப்புளி கையில் இருந்தது. வீசிவிட்டேன். அந்த மரச்சுத்தி அவன் புருவத்தைக் கிழித்துக்கொண்டு போய், டெலிவரிக்குத் தயாராக நின்ற பீரோவின் கதவில் விழுந்தது. அவனுக்கு நாலு தையல், கதவில் ஒரு பள்ளம். அவனை ஆஸ்பத்திரிக்கு அவன் அக்காதான் கூட்டிக்கொண்டு போனாள். நான் பட்டறையில் உட்கார்ந்து கதவின் பள்ளத்தை அடைத்துக்கொண்டிருந்தேன். வெட்கக்கேடுதான், ஆனால் அப்படித்தான் நடந்தது.

அடைப்பதில் எனக்கு ஒரு திமிர் உண்டு. மரச்சாமானில் இணைப்பு சேராத சந்து, ஆணி பிடுங்கிய ஓட்டை, உளி வழுக்கிய காயம், எல்லாவற்றுக்கும் லப்பம்தான் மருந்து. கடையில் டப்பாவில் விற்கிறார்கள். எனக்கு அது ஆகாது. வேர்த்த மூஞ்சியில் பவுடர் அப்பின மாதிரி திட்டுத் திட்டாகத் தெரியும். நான் எந்த மரத்தில் வேலையோ அந்த மரத்தையே அறுத்த தூளைப் பழைய வேட்டித் துணியில் சலிப்பேன். கொட்டாங்குச்சியில் கொட்டி, வெள்ளைப் பசை விட்டு, நிறத்துக்குக் காபி டிகாக்ஷன் மண்டியில் ஒரு சிட்டிகை சேர்ப்பேன். பசை கூடினால் பாலிஷ் பிடிக்காது, குறைந்தால் உதிரும். காயும்போது உள்வாங்கும் என்பதால் கொஞ்சம் மேடாகவே அப்ப வேண்டும். ஒருநாள் விட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் கீறிப் பார்ப்பேன். நகம் தடுக்கக்கூடாது. இந்தப் பக்குவம் எனக்கும் மச்சினனுக்கும் மட்டும்தான் தெரியும்.

இதில் ஒரே ஒரு சட்டம். பாரம் தாங்கும் இடத்தில் லப்பம் கூடாது. அது கண்ணுக்குத்தான், கனத்துக்கு இல்லை. அந்த இடத்தில் விரிசல் விட்டால் அந்தக் கட்டை விறகு, அவ்வளவுதான்.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி வீடு ஒன்றிலிருந்து ஊஞ்சல் பலகைக்கு ஆர்டர் வந்தது. அந்த வீட்டு ஐயங்காரின் ஒரே பெண்ணுக்குக் கல்யாணம், அதுவும் வீட்டிலேயே. கூடத்தில் தொங்கிய பழைய பலகையைக் கரையான் தின்றுவிட்டது. பித்தளைச் சங்கிலிகள் மட்டும் தங்கம் மாதிரி மின்னிக்கொண்டிருந்தன. "நாலு தலைமுறை ஊஞ்சல் உற்சவம் நடந்த கூடம் இது. நம்மாத்துப் பொண்ணு மண்டபத்து ஊஞ்சல்ல ஒக்காரப்படாது. நன்னா பண்ணிக் குடுத்துடுங்கோ" என்றார் அவர்.

ஆறடித் தேக்கு, ஒரே பலகை, ஒரு முடிச்சு கிடையாது. நானே இழைத்தேன். நாலு மூலையிலும் துளை போட்டு, சங்கிலியைத் தாங்கும் இரும்புக் கம்பிகளை இறக்கும் வேலை மட்டும் பாக்கி. அதை மச்சினனிடம் விட்டுவிட்டு, பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் ஓர் அலமாரி வேலைக்குப் போனேன். இரண்டு நாள் அங்கேயே ஓடிவிட்டது. மூன்றாம் நாள் வந்து பார்த்தால் பாலிஷ் போட்ட பலகை முகம் பார்க்கலாம் போல இருந்தது. "பரவாயில்லடா" என்றேன். என் வாயில் அது பெரிய பட்டம். அவன் சிரிக்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் கொண்டுபோய் மாட்டினோம். நான் உட்கார்ந்து ஓர் ஆட்டு ஆட்டினேன். இரண்டாவது தடவை காலால் உந்துவதற்குள் அவன் சங்கிலியைப் பிடித்து நிறுத்திவிட்டான். "போதும் மாமா, பாலிஷ் இன்னும் காயல" என்றான். சரிதான் என்று இறங்கிவிட்டேன். எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் பட்டறையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். வேலை மேஜைக்கு அடியில், மரத்தூள் மூட்டைக்குப் பின்னால் ஒரு கொட்டாங்குச்சி ஒளித்துவைத்த மாதிரி கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். பாதிக்கு லப்பம் காய்ந்து கிடந்தது. மூக்கில் வைத்தேன், காபி வாசம். தேக்குத் தூள். அந்த மாதம் முழுக்க பட்டறைக்குள் வந்த தேக்கு அந்த ஒரே பலகைதான். ஒரே மரம், இணைப்பு இல்லை, ஆணி இல்லை. ஊஞ்சல் பலகைக்கு லப்பம் எதுக்கு?

அவன் சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே வந்தான். கொட்டாங்குச்சியை அவன் முன்னால் நீட்டினேன்.

"எதுக்குடா இது?"

அவன் முகம் செத்துவிட்டது. "மாமா, சொல்லிடறேன். துளைகிட்ட விரிசல் விட்டுச்சு. கம்பி எறங்கல, அடிச்சு எறக்குறப்ப..."

அதற்கு மேல் நான் பேச விடவில்லை. அறைந்தேன். மரக்கட்டை அடுக்கில் போய் விழுந்தான். சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி மறுபடி அறைந்தேன். "அடைச்சியா? பொண்ணு மாப்பிள்ள ஒக்கார்ற பலகையில லப்பம் அடைச்சியா? நாசமாப் போறவனே!" அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் அடித்தேன். உதடு கிழிந்து ரத்தம் தாடையில் வழிந்தது. கீழே விழுந்தவனை இடுப்பில் உதைத்தேன். சாப்பாட்டுத் தூக்கு கவிழ்ந்து புளிச்சோறு மரத்தூளில் கொட்டிக் கிடந்தது. சத்தம் கேட்டு பின்கட்டு வீட்டிலிருந்து என் மனைவி ஓடிவந்து குறுக்கே விழுந்தாள்.

"மனுசனா நீங்க? அவனைக் கொன்னுட்டுத்தான் விடுவீங்களா?"

"ஒன் தம்பி ரெண்டு உசிரைக் கொல்லப் பாத்துட்டான்டி!" என்று கத்திவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

போகும்போதே ஐயங்காருக்குப் போன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. பெண்ணைப் பெற்றவர் முகூர்த்த நாளில் போனையா மடியில் கட்டிக்கொண்டிருப்பார்? சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, மாம்பழச்சாலை வழியாகப் போவதற்கு முன்னால் காவிரிப் பாலத்தில் மாட்டிக்கொண்டேன். ஒரு கார் குறுக்கே நின்றது. அதன் தலையில் ஓங்கிக் குத்தினேன். ஓட்டியவர் இறங்கி என் காலரைப் பிடித்தார். அவரையும் தள்ளிவிட்டு, நடைபாதையில் வண்டியை ஏற்றிப் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பெண்ணுக்காக மட்டும் நான் பறக்கவில்லை. பாதி அவளுக்காக. பாதி என் பேருக்காக.

பாலம் முடியும் இடத்தில்தான் அது மண்டையில் உறைத்தது. எந்த மூலை என்று நான் கேட்கவே இல்லை. வண்டியை ஓரம் கட்டி மச்சினனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அடி வாங்கினவன் அடித்தவன் போனை எடுப்பானா?

வீட்டு வாசலில் நாதஸ்வரம் பொளந்துகொண்டிருந்தது. செருப்பை உதறிவிட்டு உள்ளே ஓடினேன். கூடத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார்கள். ஊஞ்சல் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. மாமிகள் பாடிக்கொண்டே மஞ்சளும் சிவப்புமாகச் சோற்றுருண்டைகளைத் தலையைச் சுற்றி நாலு பக்கமும் எறிந்துகொண்டிருந்தார்கள். பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். வெட்கமும் சிரிப்புமாக, பட்டுப் புடவைக்குக் கீழே கால் விரலால் தரையைத் தொட்டுத் தொட்டு விட்டுக்கொண்டிருந்தாள்.

"எறங்குங்க! எறங்குங்கம்மா! பலகை விரிஞ்சிருக்கு!" என்று கத்திக்கொண்டே போய்ச் சங்கிலியைப் பிடித்து நிறுத்தினேன்.

பாட்டு நின்றது. ஒரு மாமியின் கையிலிருந்து தட்டு விழுந்து உருண்டைகள் ஓடின. "ஐயையோ, ஊஞ்சலை நிறுத்திட்டானே! அபசகுனம்!" என்று ஒரு குரல். அடுத்த கணம் யாரோ என் பிடரியில் அறைந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் நாலைந்து பேர் என்மேல் பாய்ந்தார்கள். ஒருவர் என் கழுத்துத் துண்டைப் பின்னாலிருந்து முறுக்கினார். இன்னொருவர் முழங்காலால் வயிற்றில் இடித்தார். "குடிச்சுட்டு வந்திருக்கான்! வாயை மோந்து பாருங்கோ!" நான் குடிப்பதே கிடையாது. மூச்சு முட்ட, "சாமி, நான் ஆசாரி! பலகை செஞ்சவன்!" என்று கத்தினேன்.

ஐயங்கார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பெண்ணையும் மாப்பிள்ளையையும் எழுந்து நிற்கச் சொன்னார். "நேத்து நீர்தானே ஒக்காந்து ஆடிக் காட்டினீர்? எங்கேய்யா விரிசல்? காட்டும்!"

மண்டியிட்டேன். முதல் மூலை, நகத்தால் கீறினேன். இல்லை. இரண்டாவது மூலை, இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவதையும் நாலாவதையும் தடவினேன். பலகைக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். எங்கும் நகம் தடுக்கவில்லை. நான் சொல்லிக்கொண்டு திரிந்த பக்குவம், நானே கண்டுபிடிக்க முடியாத பக்குவம். நெற்றியிலிருந்து வேர்வை பாலிஷ் மேல் சொட்டியது.

"ஒரு சுத்தி குடுங்க சாமி. தட்டினா சத்தத்துல தெரிஞ்சுடும்."

"ஊஞ்சலை உடைக்கறேங்கறான்!" என்று ஒருவர் என்னை எட்டி உதைத்தார். வாசல் நடையில் போய் விழுந்தேன். அங்கே போட்டு மிதித்தார்கள். காலையில் என் கால் மச்சினன் இடுப்பில் விழுந்த அதே இடத்தில் எனக்கும் விழுந்தது. விழுந்து கிடந்தபடியே பார்க்கிறேன், பெண்ணை மறுபடி ஊஞ்சலில் உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கத்த முயன்றேன், குரல் வரவில்லை. என் வாழ்க்கையில் அப்படிப் பயந்ததே இல்லை.

அப்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. என் மச்சினன் இறங்கினான், பின்னால் என் மனைவி. அவன் உதடு வீங்கி ஒரு கண் பாதி மூடியிருந்தது. சட்டை முழுக்க ரத்தமும் மரத்தூளும். என்னைத் தாண்டி நேராகக் கூடத்துக்குள் போனான்.

"அவரை விடுங்க சாமி. அடைச்சது நான். இந்த மூலைதான்." வலது பக்க முன்மூலையைக் காட்டினான்.

ஐயங்கார் குனிந்து தடவிப் பார்த்தார். ஒன்றுமில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர், "நேரம் போறது, ரெண்டு பேரையும் வெளியில தள்ளுங்கோ" என்றார். ஒருவர் அவன் கையைப் பிடித்து இழுத்தார். அவன் உதறிவிட்டு, ஒரே தாவில் பலகையின் அந்த மூலையில் ஏறி நின்றான். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு உந்தினான். "எறங்குடா!" என்று எல்லோரும் கத்தினார்கள். கிட்டே போக முடியவில்லை, பலகை அவ்வளவு வேகமாக வந்து போயிற்று. ஒரு ஆட்டு. இரண்டு ஆட்டு. மூன்றாவதில் படார் என்று ஒரு சத்தம்.

துளைக்கும் ஓரத்துக்கும் நடுவே இருந்த கட்டை கைநீளத்துக்குப் பிளந்து பறந்தது. கம்பி உருவிக்கொண்டு வந்தது. பலகை அந்தப் பக்கம் சரிந்தது, அவன் தரையில் விழுந்தான். சுழன்று திரும்பிய பலகையின் முனை அவன் முழங்காலுக்குக் கீழே இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் வாசல் நடையில் கிடந்த எனக்குக் கேட்டது. மாக்கோலத்தில் ரத்தம் பரவியது.

முதலில் ஓடிவந்தவள் அந்தப் பெண்தான். பட்டுப் புடவையோடு தரையில் உட்கார்ந்து அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "தண்ணி கொண்டாங்கோ! யாராவது தண்ணி கொண்டாங்கோளேன்!" என்று அழுதாள். என்னை மிதித்தவர்களில் ஒருவர் அங்கவஸ்திரத்தைக் கிழித்து அவன் காலைக் கட்டினார்.

ஐயங்கார் பிளந்து விழுந்த கட்டையை எடுத்துப் பார்த்தார். பிளவு முகத்தில் பாதி தேக்கு, பாதி லப்பம். நகத்தால் சுரண்டினார், பொடியாக உதிர்ந்தது. அவர் மச்சினனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"இப்படி அடைக்க அவனுக்கு யார் சொல்லிக் குடுத்தது?"

"நான்தான் சாமி" என்றேன்.

பிறகு பெண்ணையும் மாப்பிள்ளையையும் மணையில் உட்காரவைத்து, மீதிப் பாட்டை மாமிகள் பாடி முடித்ததாகக் கேள்விப்பட்டேன். நாங்கள் அதற்குள் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தோம். அவன் காலில் தகடு வைத்து ஸ்க்ரூ முடுக்கினார்கள். என் மனைவி என் பக்கமே திரும்பவில்லை. எனக்கும் விலாவில் கட்டுப் போட்டிருந்தார்கள். ஒருமுறை தண்ணீர் கேட்டேன், பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டேன். "விரிசல் விட்டப்பவே சொல்லியிருந்தா வேற பலகை போட்டிருப்பேன்ல? ஏன்டா சொல்லல?"

கோபமாகக் கேட்கவில்லை. ஆனாலும் அவன் கண் முதலில் என் கைக்குத்தான் போயிற்று. அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நான் அடைச்சு மறைச்சதெல்லாம் ஒங்களுக்குத் தெரியாமலே போயிருக்கு மாமா. எத்தனையோ போயிருக்கு. நான் அடி வாங்கினதெல்லாம் வந்து சொன்ன அன்னிக்குத்தான். கட்டில் காலு குட்டையானப்ப நானாத்தானே வந்து சொன்னேன்?" புருவத் தழும்பைத் தொட்டுக் காட்டினான். "அப்புறம் எப்படி மாமா சொல்லத் தோணும்?"

எழுந்து வெளியே வந்து, வராந்தாவில் எல்லோரும் பார்க்க அழுதேன். இத்தனை வருஷமாக அவனுக்கு வேலை பழக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒளிக்கப் பழக்கியிருக்கிறேன். பாவி, நான் பாவி.

வீட்டுக்கு வந்தபோது கொட்டாப்புளியைக் காணவில்லை. எங்கே என்று கேட்டேன். "உய்யக்கொண்டான் வாய்க்கால்ல கெடக்கு. வேணும்னா போய் முங்கி எடுத்துக்குங்க" என்றாள் என் மனைவி. நான் எடுக்கப் போகவில்லை. புதிதாக ஒன்று செய்துகொள்ளக் கொஞ்ச நாள் கை வரவில்லை. பிறகு செய்தேன். கொட்டாப்புளி இல்லாமல் உளி வேலை நடக்காது.

ஏழு மாதம் கழித்து அவன் வேலைக்குத் திரும்பினான். இடது காலை இழுத்துத்தான் நடக்கிறான். நான் கை ஓங்கவில்லை, குரல்கூட உயர்த்தவில்லை. தெருவில் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். "ஆசாரி சாமியாராயிட்டாரு" என்று எதிர்வீட்டு அம்மாள் கேலி செய்தார். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

போன வாரம் ஒரு சாப்பாட்டு மேஜை வேலை. நான் உள்ளே கால்களுக்குத் துளை வெட்டிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் அவன் மேல்பலகையில் ஸ்க்ரூ இறக்கிக்கொண்டிருந்தான். மெஷின் சத்தம் நின்றது. வெகுநேரம் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். நிமிர்ந்தால், வாசல்படிக்கு வெளியே, தெருவில் நிற்கிறான். பட்டறைக்குள் அவன் செருப்புப் போடமாட்டான். இப்போது போட்டிருந்தான்.

"மாமா" என்றான். "மேல்பலகை விரிஞ்சிடுச்சு. ஸ்க்ரூ போட்ட எடத்துல. ஒரு சாண் இருக்கும்."

சொல்லிவிட்டான். அடைக்கவில்லை, ஒளிக்கவில்லை, வந்து சொல்லிவிட்டான். "பரவாயில்லடா, வேற பலகை போட்டுக்கலாம்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கண்ணில் வேர்வை இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கினேன். கொட்டாப்புளி கையிலேயே இருந்தது.

அந்த உடைந்த காலோடு அவன் பின்னால் துள்ளினான். கால் மடங்கி, எதிர்வீட்டு வாசலில் போய் விழுந்து, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டான்.